இதயத்துக்கு மூலிகை சாப்பிடுகிறீர்களா? டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா?

உங்கள் வீட்டு மருந்து அலமாரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேல் தட்டில் பி.பி. மாத்திரை, ஷுகர் மாத்திரை, ஆஸ்பிரின் அட்டை. கீழ்த் தட்டில்? பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மருதம்பட்டைப் பொடி. பக்கத்திலேயே வெந்தயப் பொடி, காய வைத்த செம்பருத்தி இதழ், 'கொலஸ்ட்ராலைக் கரைக்கும்' என்று யாரோ சொல்லி வாங்கி வந்த சூரண டப்பா...

மேல் தட்டில் இருப்பது டாக்டருக்குத் தெரியும். அவர் எழுதிக் கொடுத்ததுதானே! கீழ்த் தட்டில் இருப்பது வைத்தியருக்கோ, நாட்டு மருந்துக் கடைக்காரருக்கோ தெரியும். ஆனால், இரண்டு தட்டிலும் என்னென்ன இருக்கிறது என்பது அவர்கள் யாருக்குமே தெரியாது. இரண்டும் போய்ச் சேருவது என்னவோ ஒரே வயிற்றுக்குத்தான்!

"மூலிகைதானே... இதையெல்லாம் போய் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. "சொன்னா திட்டுவாரு" என்று மறைப்பவர்கள் உண்டு. மூலிகையை ஆரம்பித்த கையோடு மாத்திரையை நிறுத்திவிட்டு, அதையும் வாய் திறந்து சொல்லாதவர்களும் உண்டு. இந்த மூன்றாவது வகையினர்தான் நம்மைக் கவலைப்பட வைக்கிறார்கள்.

மூலிகைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இதயத்துக்கான சில மூலிகைகளுக்கு உண்மையாகவே சக்தி இருக்கிறது. சக்தி இருப்பதால்தான் ஜாக்கிரதை வேண்டும் என்கிறோம். எந்த வேலையும் செய்யாத பொருளால் கெடுதலும் வராது. வேலை செய்கிற பொருள் என்றால், அதற்கு அளவு உண்டு, ஆள் உண்டு, நேரம் உண்டு. எது எது எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆற்றங்கரை மருதம்

இதய மூலிகை என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது மருதத்தைத்தான். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த நிலத்துக்கே பெயர் கொடுத்த மரம் இது! கும்பகோணம் பக்கத்துத் திருவிடைமருதூர், தாமிரபரணிக் கரையில் இருக்கும் திருப்புடைமருதூர், ஆந்திராவின் ஸ்ரீசைலம் என்று மூன்று சிவ தலங்களை மருத மரத்தோடு சேர்த்தே சொல்வார்கள். வடமொழியில் மருதத்துக்கு அர்ஜுனம் என்று பெயர். 'அர்ஜுனாரிஷ்டம்' என்று ஆயுர்வேதக் கடைகளில் விற்கிறதே, அது இந்தப் பட்டையிலிருந்து தயாரிப்பதுதான்.

சுமார் 7-ம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகக் கருதப்படும் வாக்படர், இதய நோய்க்கு மருதத்தைச் சொன்னார். 11-ம் நூற்றாண்டில் வங்காளத்துச் சக்ரபாணிதத்தர், பாலோடும் நெய்யோடும் இதைக் கொடுக்கும் முறைகளை எழுதினார். சித்த வைத்தியத்திலும் மருதம்பட்டைக்கு நல்ல இடம் உண்டு.

சரி, இன்றைய ஆராய்ச்சி என்ன சொல்கிறது? 1995-ல் இந்தூரைச் சேர்ந்த டாக்டர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இதயம் மிகவும் பலவீனப்பட்டு, படுக்கையில் இருக்கும்போதுகூட மூச்சு வாங்கும் நிலையில் இருந்த 12 பேருக்கு, மருதம்பட்டைச் சத்தை 500 மில்லி கிராம் வீதம் 8 மணிக்கு ஒரு தடவை இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். மூச்சு வாங்குவது குறைந்தது. இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறனும் கூடியது. 2002-ல் அதே குழுவினர், நடந்தால் நெஞ்சு வலி வருகிற 58 ஆண்களிடம் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் வலி வருவது குறைந்தது.

உடனே கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள்! 2016-ல் இன்னொரு ஆராய்ச்சி வெளியானது. இதில் கூடுதல் ஆட்கள், கூடுதல் நாட்கள். ஒரு பாதிப் பேருக்கு மருதம், மறு பாதிக்குப் போலி மாத்திரை. எது யாருக்கு என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்கிக்கொள்கிறவருக்கும் தெரியாது. முடிவு? இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறனில் மருதம் மாற்றம் எதுவும் செய்யவில்லை. சில தொந்தரவுகள் மட்டும் கொஞ்சம் குறைந்தன.

ஒன்றைக் கவனித்தீர்களா? 1995 சோதனையிலும் சரி, 2016 சோதனையிலும் சரி, நோயாளிகள் யாரும் வழக்கமான மாத்திரையை நிறுத்தவில்லை. மாத்திரையோடு கூடத்தான் மருதத்தையும் சாப்பிட்டார்கள். டாக்டர்கள் பக்கத்திலேயே இருந்து கவனித்தார்கள். 'மாத்திரைக்குப் பதில் மருதம்' என்று அந்த ஆராய்ச்சிகள் சொல்லவே இல்லை. அப்படிச் சொல்வது நம்ம ஊர் வாக்கிங் நண்பர்கள்தான்!

பட்டை வாங்கும்போது...

நல்ல மருதம்பட்டை வெளியே வழுவழுப்பாக, சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் இருக்கும். உட்பக்கம் இளஞ்சிவப்பு. வாயில் வைத்தால் நல்ல துவர்ப்பு. இதே குடும்பத்தைச் சேர்ந்த கருமருது என்று ஒரு மரம் உண்டு. அதன் பட்டை கறுத்து, முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். பொடியாகிவிட்டால் எது எது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். அதனால், பட்டையாக வாங்கிக் காய வைத்து, வீட்டில் இடித்துக்கொள்வது நல்லது. பொடியாகத்தான் வேண்டும் என்றால், டப்பா மீது தயாரிப்பாளரின் லைசென்ஸ் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பழைய முறைப்படி இதைப் பாலில் காய்ச்ச வேண்டும். மருந்து ஒரு பங்கு, பால் 8 பங்கு, தண்ணீர் 32 பங்கு. சின்னத் தீயில் வைத்து, தண்ணீர் எல்லாம் வற்றிப் பால் மட்டும் மிஞ்சியதும் இறக்கி வடிகட்டுவார்கள். எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்பதைப் பதிவு பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னைவாசிகளுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் படித்த வைத்தியர் இருக்கும்போது, பஸ் ஸ்டாண்டில் விற்கிறவரிடம் இதயத்தை ஒப்படைக்கலாமா?

உலகமே திரும்பிப் பார்த்த வேர்

'மூலிகைக்குப் பக்க விளைவே கிடையாது' என்று அடித்துச் சொல்கிறவர்களுக்கு ஒரு கதை. கட்டுக்கதை இல்லை, நடந்த கதை.

சர்ப்பகந்தா என்று ஒரு சிறு செடி. தமிழில் சிவன் அமல்பொடி என்பார்கள். பாம்புக் கடிக்கும், புத்தி பேதலித்தவர்களுக்கும் இதன் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் ரொம்ப காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931-ல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு டாக்டர்கள், இந்த வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். அதே சமயத்தில் டெல்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி என்ற விஞ்ஞானி, வேரிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயர் வைத்தார். இதயத் துடிப்பின் சீர்கேட்டைக் கண்டறியும் சோதனைகளில் அஜ்மலினை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

1949-ல் பம்பாய் இதய நிபுணர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளுக்கு இந்த வேரைக் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது! 1952-ல் ஸ்விட்சர்லாந்தின் சிபா கம்பெனி, அந்த வேரிலிருந்து 'ரிசர்பின்' என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. ரத்தக் கொதிப்புக்கு ஆரம்ப காலத்தில் வந்த உருப்படியான மாத்திரைகளில் அதுவும் ஒன்று. வக்கீலுக்கு 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

பெருமையான கதைதான். ஆனால், மறு பாதியையும் கேளுங்கள். ரிசர்பின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மூக்கடைப்பு வந்தது. சிலருக்கு நாடித் துடிப்பு ரொம்பக் குறைந்தது. இன்னும் சிலர் எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்துபோனார்கள். பிறகு வேறு நல்ல மாத்திரைகள் வந்ததும், டாக்டர்கள் ரிசர்பினை எழுதுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அதே வேர், சூரணமாகவும் மாத்திரையாகவும் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. தூக்கத்துக்கு, டென்ஷனுக்கு, பி.பி.க்கு என்று சொல்லி விற்கிறார்கள். ஏற்கனவே பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்துச் சாப்பிட்டால், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழலாம். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. செடியிலிருந்து வந்ததுதான், ஆனாலும் மருந்து மருந்துதான்!

குக்குலுவின் ஏற்றமும் இறக்கமும்

ராஜஸ்தான், குஜராத் பக்கத்து வறண்ட காடுகளில் வளரும் ஒரு முட்செடியின் பிசின்தான் குக்குலு. சுஸ்ருதர் கொழுப்பு நோய்க்கு இதைச் சொல்லியிருப்பதைப் படித்து, 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி. சத்யவதி என்ற ஆராய்ச்சி மாணவி இதைச் சோதித்தார். கொலஸ்ட்ரால் குறைந்தது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகம் இதிலிருந்து ஒரு மருந்தைத் தயாரித்து, 1980-களில் அது விற்பனைக்கும் வந்தது.

ஆனால், 2003-ல் அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரம் சோதித்தபோது, கெட்ட கொலஸ்ட்ரால் குறைவதற்குப் பதில் சற்றுக் கூடியது. சிலருக்கு உடம்பில் தடிப்பும் வந்தது. உணவுப் பழக்கம் வேறு என்பதால் முடிவும் வேறாகியிருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எப்படியோ, 'கொலஸ்ட்ராலைக் கரைக்கும்' என்று டப்பாவில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாமல், ஆரம்பிக்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். உங்கள் உடம்பு என்ன சொல்கிறது என்பது அந்த ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும்.

சமையலறைக்குள் ஒரு ரவுண்டு

பூண்டு: நசுக்கியதும் வருகிறதே ஒரு காரமான வாசனை, அதற்குக் காரணமான அல்லிசின்தான் இதன் முக்கியச் சத்து. முழுப் பூண்டில் அது கிடையாது. நசுக்கிய பிறகுதான் உண்டாகும். அதனால் நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து பிறகு சமைத்தால் கொஞ்சம் கூடுதல் பலன். பி.பி.யை ஓரளவு குறைக்கிறது. கொலஸ்ட்ராலைப் பற்றி மட்டும் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். 2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 192 பேரிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். பச்சைப் பூண்டும் சரி, பூண்டு மாத்திரைகளும் சரி, கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்கவில்லை. அதனால் என்ன? பூண்டுக் குழம்பை யாரும் நிறுத்த வேண்டாம். கொலஸ்ட்ரால் மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்!

வெந்தயம்: ஊற வைத்தால் வழவழவென்று ஆகிறதல்லவா? அந்த நார்ச்சத்துதான் விஷயமே. அது குடலில் கொழுப்பையும் சர்க்கரையையும் மெதுவாகத்தான் உள்ளே விடும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆராய்ச்சிகளில், ஒரு நாளைக்கு 25 கிராம் அளவில் கொடுத்தபோது சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் குறைந்தன. 25 கிராம் என்பது ஒரு கைப்பிடி. நாம் தோசை மாவில் போடுகிற அளவுக்கு அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. அதற்காகத் திடீரென்று கைப்பிடி கைப்பிடியாகச் சாப்பிட ஆரம்பித்தால், ஷுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உஷார்!

செம்பருத்தி: இங்கே ஒரு பெயர்க் குழப்பம் இருக்கிறது. 'செம்பருத்தி டீ பி.பி.யைக் குறைக்கும்' என்று படித்திருப்பீர்கள். பாஸ்டன் நகரின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சி அது. பி.பி. லேசாகக் கூடியிருந்த, மாத்திரை சாப்பிடாத 65 பேரில் ஒரு பிரிவினர் தினம் மூன்று கப் வீதம் ஆறு வாரம் அந்த டீயைக் குடித்தார்கள். மேல் அளவு சராசரியாக 7 புள்ளி இறங்கியது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் செடி, நம் வீட்டு வாசலில் பூஜைக்குப் பறிக்கிற செம்பருத்தி இல்லை! ஆந்திராக்காரர்கள் கோங்கூரா துவையல் அரைக்கிறார்களே, அந்தப் புளிச்சக்கீரைச் செடி. அதன் சிவந்த புளிப்பான பூ மடலைக் காய வைத்துத்தான் அந்த டீ. இரண்டும் ஒரே குடும்பம்தான். அதற்காக அக்கா சாப்பிட்டால் தங்கைக்குப் பசி ஆறுமா? வாசலில் பூக்கும் செம்பருத்தியில் டீ போட்டுக் குடிப்பதால் தப்பில்லை. அதை நம்பி பி.பி. பார்ப்பதை நிறுத்துவதுதான் தப்பு.

நல்லவர் வேஷத்தில் மூன்று பேர்

அதிமதுரம்: தொண்டை கட்டினாலும் இருமினாலும் உடனே கைக்கு வருவது. இரண்டு மூன்று நாள் வாயில் அடக்கிக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால், வாரக்கணக்கில் கஷாயமாகவோ பொடியாகவோ சாப்பிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும். பி.பி. ஏறும். பொட்டாசியம் குறையும். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். பி.பி. உள்ளவர்களும், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களும், டிஜாக்சின் சாப்பிடுகிறவர்களும் அதிமதுரத்தைத் தவிர்ப்பதே நல்லது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் மாமனாருக்கு பி.பி. இறங்கவில்லையா? அவருடைய இருமல் மருந்து என்ன என்று ஒருமுறை விசாரியுங்கள்.

இந்துப்பு: "இது சாதா உப்பு இல்லீங்க, பி.பி.க்கு நல்லது" என்று கடையில் சொல்வார்கள். நிறம் வேறு, விலை வேறு. உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். எந்த உப்பானாலும் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஜீரணத்துக்கான சில சூரணங்களிலும் உப்பு நிறையச் சேர்ப்பதுண்டு. அதுவும் இந்தக் கணக்கில்தான் வரும்.

அரளி: இதைச் சொல்லாமல் இதய மூலிகைக் கட்டுரையை முடிக்கக் கூடாது. செவ்வரளி, மஞ்சள் அரளி இரண்டிலுமே இதயத் துடிப்பைப் பாதிக்கும் கடுமையான விஷம் உண்டு. 'பழைய ஏட்டில் இருக்கிறது' என்று யார் சொன்னாலும் இலை, பூ, வேர், விதை எதுவும் வாயில் படக் கூடாது. 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூவைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. நம் வீட்டிலும் அரளி மாலை சாமி படத்தோடு நிற்கட்டும். பிரசாதத் தட்டு பக்கம் வர வேண்டாம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் அரளிச் செடியும் வேண்டாம்.

இரண்டும் சேரும்போது...

மாத்திரையும் மூலிகையும் தனித்தனியே நல்லவைதான். ஒரே வீட்டில் இரண்டு சம்பந்திகள் மாதிரி, சேர்ந்து இருக்கும்போதுதான் யாருக்கு யார் ஒத்துப்போவார்கள் என்று பார்க்க வேண்டும்!

* ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பூண்டு மாத்திரை, பூண்டு லேகியம் போன்றவற்றைக் கூடுதலாகச் சேர்த்தால் ரத்தக் கசிவு வரலாம். ஈறில் ரத்தம், காரணமில்லாமல் தோலில் நீலத் திட்டு, கறுப்பாக மலம் போவது இவையெல்லாம் அறிகுறி. சமையலில் போடும் பூண்டுக்கு பயம் வேண்டாம்.

* செயற்கை வால்வு வைத்துக்கொண்டு வார்ஃபரின், அசினோகூமரால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கீரையிலேயே கவனம் தேவை. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும். கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றாமல், எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். டாக்டரிடம் கேட்காமல் புது மூலிகை எதுவும் கூடாது.

* ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், குறிப்பாக முதல் வருடத்தில், ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து. எந்தப் பட்டையும் எந்தப் பொடியும் இந்த மாத்திரைக்கு ஈடில்லை.

* மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்ற துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் பி.பி.யும் படபடப்பும் எகிறும். குறைப்பதானால் டாக்டர் படிப்படியாகக் குறைப்பார்.

* கிட்னி பலவீனமாக இருந்து, பொட்டாசியத்தை ஏற்றும் இதய மாத்திரைகளும் சாப்பிடுகிறவர்கள் 'இயற்கைதானே' என்று தினமும் இளநீர் குடிக்கக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம்.

* பல் பிடுங்க, ஆஞ்சியோகிராம் எடுக்க, ஆபரேஷனுக்குப் போகிறீர்களா? சாப்பிடும் மூலிகைகளையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. 2004-ல் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். அதில் 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்றவை இருந்தன. பெயரில்லாத பொட்டலத்தை வாங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

நெஞ்சு வலிக்குக் கஷாயம் வேண்டாம்!

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். நடுநெஞ்சில் பாரம் வைத்தது போல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குதல் என்றெல்லாம் வந்தால், "வாயுப் பிடிப்பு... பூண்டைச் சுட்டுக் கொடு, ஓமத் தண்ணி வை" என்று அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். ஷுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சில சமயம் வலியே இருக்காது. மூச்சுத் திணறல், திடீர் அசதி, மயக்கம் இவை மட்டுமே வரலாம்.

மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் தசை செத்துக்கொண்டே போகும். அடைப்பை முதல் சில மணி நேரத்துக்குள் திறந்துவிட்டால் தசையைக் காப்பாற்றலாம். கஷாயம் கொதிக்கிற அரை மணி நேரம் அந்தக் கணக்கில்தான் கழிகிறது. 108-க்கு போன் செய்யுங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். ஈ.சி.ஜி. எடுக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்ற திட்டத்தை ஆரம்பித்தது. மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் திட்டம். ஈ.சி.ஜி. நார்மல் என்று வந்து, வாயுதான் என்று டாக்டரும் சொல்லிவிட்டால்... அப்புறம் தாராளமாக ஓமத் தண்ணீர் குடியுங்கள்!

இன்றைக்கே செய்ய ஒரு வேலை

ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இதய நோய், பி.பி., ஷுகர் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். அதில் இவற்றை எழுதுங்கள்:

1. பெயர், வயது, என்ன நோய், ஸ்டென்ட் அல்லது ஆபரேஷன் நடந்திருந்தால் எந்த வருடம்.

2. சாப்பிடும் மாத்திரைகள், எத்தனை மில்லி கிராம், எந்த வேளை.

3. சூரணம், கஷாயம், லேகியம், அரிஷ்டம், மூலிகை டீ, பூண்டு மாத்திரை என எதையும் விடாமல். எவ்வளவு, எப்போதிலிருந்து, யார் சொல்லி.

4. கடைசியாகப் பார்த்த பி.பி., சர்க்கரை, கொலஸ்ட்ரால் அளவுகள், தேதியோடு.

5. ஏதாவது மாத்திரையை நீங்களாக நிறுத்தியிருந்தால் அதையும். வெட்கப்பட வேண்டாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இதை நீட்டுங்கள். வைத்தியரிடம் போனாலும் இதே தாளை நீட்டுங்கள். "இதை நிறுத்து" என்று ஒருவர் சொன்னால், "ஏன்?" என்று கேட்கலாம். அது உங்கள் உரிமை. "தொடரலாம்" என்றால், மூன்று மாதம் கழித்து எந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பிரதி எடுத்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று பத்து வயதுப் பேரனுக்கும் சொல்லி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும்போது, "தாத்தா என்னென்ன மருந்து சாப்பிடறார்?" என்று கேட்பார்கள். அந்தத் தாளைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினால் போதும்.